ஒன்பது சென்டிமீட்டர்

என்னை மேடையில் ஏற்றிக் கைதட்டுகிற யாரும் நான் குடிக்கிற தண்ணீரைக் குடித்ததில்லை. பதினான்கு வருடங்களாகக் குடிக்கிறேன். ஊறிப்போன பிளாஸ்திரி, யார் தலைமுடியோ, யார் துப்பலோ, குழந்தைகள் வகுப்பு முடிந்ததும் ஓரத்துப் பாதையில் மட்டும் ஏறுகிற ஒரு சந்தேகமான சூடு. எல்லாவற்றுக்கும் மேலே குளோரின். ஃப்ரீஸ்டைல் நீச்சல் என்றதும் மீன் மாதிரி திரிகிறேன் என்று அக்காவின் சிநேகிதிகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் என்றால் ஐம்பது மீட்டர் குளத்தை முப்பது தடவை கடக்க வேண்டும். பார்ப்பதற்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு. செக்குமாடுகூட மூக்கை வெளியே வைத்துக்கொண்டுதான் சுற்றும்.

அதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று இந்த வருடம் வந்தது.

எனக்கு இருபத்தாறு வயது. தேசிய அணியில் என் தூரத்துக்கு ஒரே ஓர் இடம். அவரவர் ஊர்க் குளத்தில் நடக்கும் போட்டியில் நீந்தி, நேரத்தை அனுப்ப வேண்டும். குறைந்த நேரம் யாருடையதோ அவர் போவார். என்னுடையது பதினேழு நிமிடம் பதின்மூன்று புள்ளி ஆறு விநாடி. எனக்கு அடுத்தவள் வேறு ஊர்க்காரி. எப்போதும் மூக்கில் க்ளிப் மாட்டிக்கொண்டு நீந்துவதால் நாங்கள் அவளைக் க்ளிப்பு என்றே சொல்வோம். அவளுடையது பதினேழு பதினான்கு புள்ளி ஐந்து. ஒரு விநாடிகூட முழுசாக இல்லை. ஆனாலும் இடம் எனக்கு. வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

என் அக்கா புருஷன் டைல்ஸ் ஒட்டுகிறவர். போட்டிக்கு முன்னால் எங்கள் குளத்துக்கு டைல்ஸ் மாற்றியது அவர்தான். சாப்பிட உட்கார்ந்தபோது அந்தப் பெருமையை அவிழ்த்துவிட்டார்.

"பத்து நாள்ல முடிக்கணும்னு மேனேஜர் கழுத்துல கத்தி வச்சாரு. பழசை உடைச்சுக்கிட்டு உக்காந்தா ஒரு மாசம் ஆகும். நான் உடைக்கவே இல்லையே! அது மேலயே கலவையைப் பூசி ஒட்டிட்டேன்."

என் கை தட்டிலேயே நின்றது. "ரெண்டு முனைச் சுவர்லயுமா மாமா?"

"பின்ன? அங்கதான் சுவர் கோணல். நல்லா கனமா பூசினேன்."

மறுநாள் காலையில் அவருடைய இரும்பு டேப்பை வாங்கிக்கொண்டு போய், அவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். நாற்பத்தொன்பது மீட்டர், தொண்ணூற்றொரு சென்டிமீட்டர். ஒன்பது சென்டிமீட்டரைக் காணோம். முப்பதால் பெருக்கினால் இரண்டே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கடக்க எனக்கு இரண்டு விநாடி போல ஆகும். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு சாண்கூட இல்லையே, இதுக்குப் போயா?" என்றார்.

நேராக எங்கள் நீச்சல் மாஸ்டரிடம் போனேன். இந்த வருடம் எங்கள் குளத்தில் சின்னப் பிள்ளைகள் முதல் எல்லோருடைய நேரமும் குறைந்திருந்தது. தான் கற்றுக்கொடுத்த புது மணிக்கட்டுத் திருப்பம்தான் காரணம் என்று மாஸ்டர் பத்திரிகைக்குப் பேட்டியே கொடுத்திருந்தார். அது அவர் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது.

"மாஸ்டர், குளம் ஒன்பது சென்டிமீட்டர் குறையுது."

அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"ஒன்பது இல்லம்மா. எட்டரை."

அவர் ஏற்கெனவே அளந்திருக்கிறார். பதினான்கு வருடங்கள் இந்த மனிதர் விசில் ஊதும்போதெல்லாம் நாய்க்குட்டி மாதிரி தண்ணீரில் விழுந்திருக்கிறேன். "வாயைத் திறக்காம போய்ட்டு வா. பேர் உனக்கும்தான், எனக்கும்தான்" என்று அவர் சிரித்தபோது அந்தப் பல்லைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். முழுத் தூரத்தையும் நீந்தினால் நான் க்ளிப்பைவிட வேகமா, இல்லையா? பெயர்ப் பட்டியல் போக இன்னும் நான்கு நாள் இருந்தது. புறப்படுகிற சுவரிலிருந்து சரியாக இரண்டு மீட்டர் எழுபதில், பாதைக் கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினேன். முப்பது தடவை கடந்த பிறகு சுவரில் திரும்பி, அந்தத் துணியைத் தொட வேண்டும். அதுதான் உண்மையான ஆயிரத்து ஐந்நூறு. ஸ்டாப்வாட்ச் மாமாவின் கையில்.

உயிரைக் கொடுத்து நீந்தினேன். இருபதாவது தடவைக்கு மேல் தோள் என்னுடையதாக இல்லை. துணியைத் தொட்டதும் மாமா குளக்கரையில் குதித்தார்.

"பதினேழு பதினாலு! தாண்டிட்ட! அவளைத் தாண்டிட்ட!"

"பதினாலு புள்ளி எவ்வளவு?"

"பதினாலுதான்... சுமாரா."

"வாட்ச்சைக் குடுங்க."

கொடுத்தார். எல்லாம் பூஜ்யம்.

"கை தவறிப் பட்டுடுச்சும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தண்ணீரைவிட்டு ஏறிச் சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அளவைக் குறைக்காமல் இந்த மனிதருக்கு ஒரு வேலையும் வராதா? சுவரில் அடித்தார், நேரத்திலும் அடித்துவிட்டார். பாசமாம். மாஸ்டரின் பல்லாவது வெளிப்படையாக இளித்தது. இந்தப் பாசம் அதைவிடக் குமட்டியது.

இரண்டு நாள் கழித்து மறுபடி நீந்தினேன். இந்தத் தடவை வாட்ச் அக்காவிடம். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரைகளை எண்ணியது போதாதென்று இன்னொரு தடவை எண்ணித்தான் கொடுப்பாள். நான் துணியைத் தொட்டபோது அவள் குதிக்கவில்லை. குனிந்து படித்தாள்.

"பதினேழு நிமிஷம். பதினஞ்சு செகண்ட். புள்ளி ரெண்டு."

பக்கத்தில் நின்ற மாமா, "கொஞ்சம் முன்னாடியே அமுக்கியிருக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்தார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் துண்டை எடுக்கப் போய்விட்டார்.

"பத்தலையா?" என்றாள் அக்கா.

"பத்தல."

அன்றே தேர்வுக் குழுவுக்கு எழுதினேன். குளத்தின் நீளம், அளந்த தேதி, என் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி. மாஸ்டர் போனில் கத்தினார். சோறு போட்ட குளத்தில் மண்ணைப் போட்டேனாம். முழுசாகக் கேட்டுவிட்டு வைத்தேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமை இருந்தது. க்ளிப்பு கூப்பிடுவாள், அழுவாள், கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

மறுநாள் கூப்பிட்டாள். நன்றி சொல்லவில்லை.

"அக்கா, குளத்தை எப்படி அளந்தீங்க?"

"ஏன்?"

"எங்க குளத்துக்கும் போன வருஷம் டைல்ஸ் மாத்தினாங்க. அதுக்கப்புறம்தான் நான் பதினேழு பதினாலு. எங்க மாஸ்டர்கிட்ட அளக்கலாம்னு கேட்டேன். யார்கிட்டயாவது சொன்னியான்னு கேக்கறாரு."

பட்டியல் அன்று சாயங்காலம் போகிறது. இது எனக்கு மட்டும் நடக்கவில்லை என்பதில் ஒரு சொட்டு ஆறுதல்கூடக் கிடைக்கவில்லை.

"இரும்பு டேப்பா எடு" என்றேன். "சுவரோட மேல் விளிம்புல வை. நடுவுல தொய்யக் கூடாது. அந்த முனையைப் பிடிக்க உன்மேல ரொம்பப் பாசமா இருக்கறவங்க யாரையும் கூப்பிடாத."