ஒரே ஒரு குதி

சோதனை அதிகாரி வண்டியின் பின்மூலையை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு, நிமிர்ந்து நின்று எண்ணுவார். அமுங்கிய வண்டி ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டால் பாஸ். டாக்ஸிக்காரரின் வண்டி போன மாதம் ஐந்து தடவை குதித்தது. போன வாரம் ஏழு. “கடைசி வாய்ப்பு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா பெர்மிட் ரத்து” என்றார் அதிகாரி. பதினெட்டு வருடமாக டாக்ஸி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதரிடம் இதை அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பின்சக்கரங்கள் கழற்றப்பட்ட வண்டி வாசலில் இரண்டு இரும்புத் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவேன் என்று சொல்லிவிட்டதால் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். அவர் தச்சர். கட்டில், பீரோ, கதவு எதைக் கொடுத்தாலும் ஆடாமல் நிறுத்திவிடுவார். ஆடுவதற்கென்றே செய்த சாமான்களும் உலகத்தில் உண்டு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

“ரெண்டு ஸ்பிரிங், ரெண்டு ஷாக் அப்சார்பர். கட்டில் காலு மாத்துற மாதிரிதான் மாப்ளே.”

“கட்டிலுக்கு யாரும் பெர்மிட் கேக்க மாட்டாங்க மச்சான்.”

ஷாக்கின் அடி போல்ட் துருவோடு துருவாக ஐக்கியமாகியிருந்தது. எண்ணெய் விட்டார்கள். சுத்தியலால் தட்டினார்கள். தச்சர் திட்டிப் பார்த்தார். டாக்ஸிக்காரர் கெஞ்சிப் பார்த்தார். ஒன்றே கால் மணிக்கு ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி இருவரும் தொங்கியபோதுதான் அது அசைந்தது. ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு இரும்புக் கைகளையும் தளர்த்தி, ஆக்சிலுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த ஜாக்கியை இறக்கியதும் பழைய ஸ்பிரிங்குகள் தாமாகவே கழன்று விழுந்தன.

மனைவி எட்டிப் பார்த்தாள். “அண்ணே, நாலு மணின்னா நாலு மணி. உன் வேலைக் கணக்குல ஆறாக்கிடாத.”

புது ஸ்பிரிங் ஏறியது, புது ஷாக் ஏறியது. வண்டி இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. “நல்லா இறுக்குங்க மச்சான்” என்று டாக்ஸிக்காரரே சொன்னார். தச்சருக்குச் சொல்லவா வேண்டும்? எல்லா நட்டும் கீச்சிடும்வரை இறுக்கினார்.

மூன்றேகாலுக்குச் சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார்கள். பின்பக்கம் மட்டும் இறங்க மனமில்லாமல் தூக்கிக்கொண்டே நின்றது.

“புது மாப்பிள்ளை முறுக்கு. ரெண்டு நாள்ல பழகிடும்” என்றார் தச்சர்.

ரெண்டு நாளுக்கு எங்கே போவது?

மூன்று நாற்பத்தைந்துக்குச் சோதனை மைதானத்தில் அதிகாரி அமுக்கினார். வண்டி அசையவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி அமுக்கினார்.

“என்னய்யா இது, பாறையா?”

“ஆடவே ஆடாது சார்!” என்றார் தச்சர் பெருமையாக.

“ஒரு தடவையாவது ஆடணும்யா!” அதிகாரி குனிந்து அடியில் பார்த்தார். “ஆக்சில் தொங்கும்போதே இறுக்கிட்டீங்களா? அந்த இரும்புக் கைக்குள்ள இருக்குற ரப்பர் முறுக்கிட்டு நிக்குது. வண்டி தரையில நிக்கும்போதுதான் இறுக்கணும். தள்ளி நிறுத்திப் பண்ணுங்க. நாலுக்கு கேட்டை மூடிருவேன்.”

டாக்ஸிக்காரர் சலவைச் சட்டையோடு அடியில் புகுந்தார். தச்சரின் இறுக்கு சாமானியமானதா? ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது. வலியை நாலு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டார்.

“மச்சான், டிக்கில ஏறி உக்காருங்க. தயவுசெஞ்சு வேற எதுவும் பண்ணாதீங்க!”

தச்சர் உட்கார்ந்தார். கடைசி போல்ட் தளர்ந்ததும் வண்டி பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. எல்லாவற்றையும் திரும்ப இறுக்கிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தபோது காவலாளி கேட்டில் கை வைத்திருந்தார்.

அதிகாரி அமுக்கினார். டாக்ஸிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி எழும்பும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டாவதுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார்.

“யோவ், கண்ணத் திற” என்றார் அதிகாரி. “கையெழுத்துப் போட வேணாமா?”