என்னை யாரும் சோதிக்கவில்லை

மூடி 'டக்'கென்று இறுகிவிட்டது. இனி உடைத்தால்தான் உண்டு, திறக்க முடியாது. சோதனைக்கு வந்த அதிகாரி அம்மா இரண்டு சீசாக்களையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. குளிர்பெட்டிக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, போய்வருகிறேன் என்று சிரித்த முகமாகக் கிளம்பினார். அப்போதே படியிறங்கி ஓடி வண்டியை மறித்திருக்க வேண்டும். பிடி வழுக்காமல் கையில் பூசியிருந்த சுண்ணப்பொடி வியர்வையில் களியாகிவிட்டது, அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். நீ ஊர் மாறிப் போய்விட்டாய், இங்கே யாரிடமும் உளற மாட்டாய். அதுதான் தைரியம்.

பெரியப்பாவின் ஜிம் உனக்கு ஞாபகமிருக்கும், டயர் கடைக்கு மேலே, எப்போதும் ரப்பர் நாற்றம். பெரியப்பா மகளை இப்போது எல்லாரும் 'கிரேன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னை அண்ணன் 'ரெண்டு' என்கிறான். வீட்டில் இரண்டாவது பிள்ளை என்பதால் வைத்த பெயர். அவள் வந்த பிறகு ஒவ்வொரு போட்டியிலும் அது எனக்குப் பொருந்திப்போனது. நீ நம்ப மாட்டாய், அவள் அப்பா ஜிம் என்றாலும் அங்கே முதலில் சேர்ந்தது நான். அவள் டான்ஸ் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள். நான் தூக்குவதைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவள்தான்.

எங்கள் பளுதூக்கும் விளையாட்டில் இரண்டு சங்கம். ஒன்றில் ஊக்கமருந்து எடுத்தாயா என்று சிறுநீரைச் சோதிப்பார்கள். இன்னொன்றில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். முன்பு ஒரே சங்கமாகத்தான் இருந்தது. தலைவர்கள் சண்டை போட்டுப் பிரிந்தார்கள், எங்கள் வீட்டுக்குள்ளும் அதே கோடு விழுந்தது. பெரியப்பா சோதிக்கிற பக்கம். அண்ணன் சோதிக்காத பக்கம் போய், எதிர்வரிசையில் கண்ணாடிக் கதவு வைத்த ஜிம்மில் சேர்ந்துகொண்டான். அவன் பேச்சை எடுத்தால் பெரியப்பா 'அந்த மருந்துக்கடையா' என்பார். அண்ணன் எங்களை 'மூத்திரச் சங்கம்' என்பான். இரண்டு பேரும் தெருவில் எதிர்ப்பட்டால் செல்போனைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

போன போட்டியில் கிரேன் இளையோர் சாதனையை உடைத்தாள். சாதனை செய்தால் சோதனை கட்டாயம். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் அவளை நிழல்போலப் பின்தொடர்ந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. திரும்பி வந்தவள், ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றால் எப்படி வரும் என்று என்னிடம் சலித்துக்கொண்டாள். புது நகை போட்டவள் 'ஐயோ, கனமா இருக்கு' என்பாளே, அந்த மாதிரிச் சலிப்பு. என் மூத்திரத்தைக்கூட இதுவரை யாரும் கேட்டதில்லை. நீ சிரிப்பாய். எனக்கு வயிறு எரிந்தது.

அதன் பிறகு நாட்டு அணியை அறிவித்தார்கள். எங்கள் எடைப் பிரிவில் ஒரே இடம், அது அவளுக்கு. அவளால் போக முடியாவிட்டால்தான் நான்.

அன்றைக்கு எனக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சுடுதண்ணிப் பை வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னான். எட்டிப் பார்த்தேன். கிரேன் பளு இழுக்கிற வீடியோ. நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னா இழுப்பு பாரேன்" என்றான். எதிர்ச் சங்கத்துக்காரி என்றுகூடத் தோன்றவில்லை அவனுக்கு.

படுக்கையில் கிடந்தபடியே சங்கத்தின் இணையதளத்தைத் திறந்தேன். பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க அதில் ஓர் இடம் உண்டு. அவள் மருந்து எடுக்கிறாள், நானே பார்த்தேன் என்று அடித்து அனுப்பினேன். நான் எதையும் பார்க்கவில்லை. முழுப் பொய். அனுப்பியதும் முதுகுவலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

இன்று சாயங்காலம் அந்த அம்மா வந்துவிட்டார். கிரேனைப் பெயர் சொல்லிக் கேட்டார். பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பொண்ணை எப்ப வேணா சோதிங்க. இங்க ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்று எதிர்வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்.

பயிற்சி முடிந்து வற்றிப்போயிருந்தவளுக்கு லேசில் வரவில்லை. சீல் பிரிக்காத தண்ணீர் பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாள். அவளைக் கண்ணிலிருந்து விடக்கூடாது என்பது விதி. அதனால் கழிப்பறைக்கு வெளியே பெஞ்சில் அவளை உட்காரவைத்து, அந்த அம்மா எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார். துணைக்கு நான் வேண்டுமென்று கிரேன்தான் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை ஜில்லென்றிருந்தது. உள்ளே யாரோ பளு மாட்டிய பாரைத் தரையில் போட்ட சத்தத்தோடு சத்தமாக என் காதருகே குனிந்தாள்.

"முதுகு வலிக்குதுன்னு உங்கண்ணன்கிட்ட சொன்னேன்டி. மாத்திரை குடுத்தான். அப்பாவுக்குத் தெரிய வேணாம்னான். அது என்ன மாத்திரைன்னு நான் கேக்கவே இல்ல."

அந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"நீ பக்கத்துல இருக்க, அதான் கொஞ்சம் தெம்பா இருக்கு" என்றும் சொன்னாள்.

ஒருவழியாகச் சிறுநீர் வந்த பிறகு பெரியப்பாவோடு அறைக்குள் போனோம். கடைசி சில நாட்களில் மாத்திரை, டானிக், பவுடர் ஏதாவது எடுத்தாயா என்று அந்த அம்மா கேட்டார். அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இல்லை என்றாள். நான் மேசைமேல் இருந்த சீசாக்களைப் பார்த்தேன். அப்புறம்தான் அந்த மூடி, அந்த 'டக்'.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் ஷூவுக்கு நாடா கோர்த்துக்கொண்டிருந்தான். இன்று எங்கள் ஜிம்முக்கு வண்டி வந்ததே, யாரைப் பிடித்தார்கள் என்று விளையாட்டாகக் கேட்டான். சொன்னேன். நாடா அப்படியே கையில் நின்றது.

"நீ குடுத்த மாத்திரை என்னது?" என்றேன்.

தன் ஜிம்மில் எல்லாரும் போடுவதுதான், வலி மாத்திரை என்றான். பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். அவன் முகம் தொங்கிவிட்டது.

"எங்க பக்கம் அதையெல்லாம் எவன்டி படிக்கிறான்? யாரும் கேக்கறதில்ல, யாரும் படிக்கறதில்ல. அவ எங்க பக்கம் இல்லைங்கறதே எனக்கு அப்ப ஞாபகத்துல இல்ல."

சோதனையில் ஏதாவது வந்தால் அவளுக்கு அணியும் போகும், ஆட்டமும் போகும். பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்கு மாத்திரை கொடுத்தவன் என்று இவனையும் இழுப்பார்கள். பெரியப்பா முகத்தில் யாரும் முழிக்க முடியாது. ஒன்றும் இல்லையென்று வந்தாலும் வரலாம். தெரியாது, காத்திருக்க வேண்டும். போட்டி இல்லாத நாளில் பெயர் சொல்லித் தேடி வந்ததால், புகார் போனதால்தான் ஆள் வந்தது என்று அண்ணன் சட்டென்று புரிந்துகொண்டான். எவனோ வயிற்றெரிச்சல் பிடித்தவன் போட்டுக்கொடுத்திருக்கிறான் என்று பல்லைக் கடித்தான். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அதைப் பார்த்து அவன் வேறென்னவோ நினைத்துக்கொண்டான்.

"நீ ஏன் பயப்படற? உனக்கு நான் எதாச்சும் குடுத்திருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன. போய்ப் படு ரெண்டு."

படுத்துவிட்டேன். அவளுக்காகப் பயப்படுகிறேன், நிஜமாகத்தான். அவனுக்காகவும் பயமாக இருக்கிறது. அனுப்பியது யார் என்று ஒருநாள் தெரிந்துவிட்டால் என்ற நினைப்பும் விடவில்லை. ஆனால் இவ்வளவுக்கும் அடியில் வேறொன்று கிடந்து அரிக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். அதே வாரம் எனக்கும் முதுகு வலித்தது. அவனிடம்தான் சொன்னேன். அவளுக்கு மாத்திரை, எனக்குச் சுடுதண்ணிப் பை. அவன் எனக்கு ஏன் தரவில்லை? நான் தங்கச்சி என்பதாலா, ரெண்டு என்பதாலா?