கடைசி வளைவில் எடுத்த விரல்

நாத்தனார் அதைக் கேலியாகத்தான் சொன்னாள். சொல்லும்போது வாயில் பாதி பிஸ்கட் இருந்தது.

"அண்ணி, நேத்து ரேஸ்ல ஜெயிச்சுட்டீங்களாமே. அண்ணன் இன்னும் கடைசி வளைவுல விரலை எடுக்கிறானா?"

"எந்த விரலை?"

"கட்டைவிரலைத்தான். சின்ன வயசுல தோத்தா நான் ஊரைக் கூட்டி அழுவேன். அதனால ஜெயிக்கிற நேரம் பார்த்து ஸ்பீடு கொடுக்கிற சிவப்பு பட்டனை விட்டுடுவான். அவன் கார் சும்மா உருளும், நான் தாண்டிப் போயிடுவேன். ரொம்ப நாள் எனக்கே தெரியாது."

சிரித்துக்கொண்டே டீயை முடித்துவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். குண்டு வைத்தது அவளுக்கே தெரியாது.

அந்தப் பழைய வீடியோ கேமை அண்ணிக்காரியின் கணவன் பள்ளிக்கூட நாளிலிருந்து வைத்திருக்கிறான். கேசட் போட்டு ஆடுகிற கார் ரேஸ். டிவித் திரை குறுக்கே இரண்டாகப் பிரியும். மேல் பாதியில் அவனுடைய நீலக் கார், கீழ்ப் பாதியில் இவளுடைய சிவப்புக் கார். வீட்டில் எதற்காவது ஒத்துவரவில்லை என்றால், "சண்டை எதுக்கு, ஆடிப் பாத்துடலாம்" என்பான். ஹால் சுவருக்குப் பச்சையா வெள்ளையா என்பதும், எந்த வீட்டுக்குக் குடிபோவது என்பதும் அப்படித்தான் முடிவாயின. பெரும்பாலும் சிவப்புக் கார்தான் ஜெயித்தது. "எங்க வீட்ல சண்டையே கிடையாது" என்று வேலை செய்கிற இடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அவள் வேலை செயற்கைப் பல் செய்வது. முதலாளி வேறு ஊரில் புதிதாக ஒரு லேப் திறக்கிறார். அதை அவள்தான் நடத்த வேண்டும் என்கிறார். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும். சிவப்பு ஜெயித்தால் கணவன் தன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையை மூடிவிட்டு அவளோடு வருவதாகப் பேச்சு. நேற்று சிவப்பு ஜெயித்தது. அவன் கைதட்டினான்.

கைதட்டினான். அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் அவன் கடையிலிருந்து வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் தரையில் இருந்தன. பக்கத்தில் அவனுடைய கறுப்பு இன்சுலேஷன் டேப்.

"உட்காருங்க."

"டீ குடிச்சிட்டு..."

"உட்காருன்னேன்."

'ங்க' போய்விட்டதை அவன் கவனித்தான். உட்கார்ந்தான். அவள் அவன் கட்டைவிரலைச் சிவப்பு பட்டன்மேல் வைத்து, டேப்பால் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

"என்ன பண்றே?"

"அடிக்கடி வழுக்குதில்ல, அதான் கட்டுறேன்."

அவன் முகம் வெளுத்தது. ஆட்டம் தொடங்கியது. நீலக் கார் வெறிபிடித்துப் பாய்ந்து முதல் வளைவிலேயே சுவரில் மோதியது. அடுத்ததிலும் மோதியது. சிவப்புக் கார் நிதானமாகப் போய்க் கோட்டைத் தாண்டியது.

"வளைவுல விரலை எடுத்தாத்தான் வண்டி திரும்பும்," என்றான் மெதுவாக. "இந்த விளையாட்டே அப்படித்தான்."

"எனக்குச் சொல்லித் தராதே. நான் என்ன உன் தங்கச்சியா, தோத்தா ஊரைக் கூட்டி அழ? இந்தப் பச்சைச் சுவரைப் பார்த்து உங்கம்மா முகம் சுளிச்சப்ப என்ன சொன்னே? 'அவ ஜெயிச்சா, அவ இஷ்டம்'னே. குழாய்ல தண்ணி வரலைன்னா, 'நீதானே இந்த வீட்டை ஜெயிச்சே'ன்னே. நாளைக்கு அந்த ஊர்ல வேலையில்லாம உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் சொல்லுவே. விட்டுக்கொடுக்கலடா நீ. தப்பிச்சுக்கிட்டே."

'டா' எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்ததைத் திரும்ப எடுக்கவும் தோன்றவில்லை.

"நீ சந்தோஷமா இருக்கணும்னுதான்..."

"பிச்சை போட்டா?" டேப்பின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். விரல் முடியெல்லாம் அதோடு வந்தது.

"எனக்கு அங்க வர இஷ்டமில்லை!" அவன் கத்திவிட்டான். இந்த வீட்டில் அவன் கத்தி அவள் கேட்டதில்லை. "அந்தக் கடை நான் உண்டாக்கினது. இன்னொருத்தன்கிட்டப் போய், அவன் சொன்ன நேரத்துக்கு டீ குடிக்க என்னால முடியாது. போகாதேன்னா நீ போகமாட்டே. அப்புறம் ஆயுசுக்கும் என் மூஞ்சியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவே. அதுக்குப் பயந்துதான் விரலை எடுத்தேன். போதுமா?"

"போதும்." அவளுக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் இவ்வளவு நாளில் இன்றுதான் அதற்கு எதிரே ஓர் ஆள் நின்றான். "யாரு போகாம இருக்கப் போறா? நீ போகாதேன்னாலும் நான் போவேன். வாயால கேட்டிருந்தா முதல்லயே தெரிஞ்சிருக்கும். நாளைக்குச் சரின்னு சொல்லப்போறேன்."

"நான் கடையை மூடமாட்டேன்."

"மூடாதே. ரயில்னு ஒண்ணு இருக்கில்ல? லீவுக்கு நீ அங்க வா, இல்ல நான் இங்க வரேன். யார் வர்றதுன்னு சண்டை போட்டு முடிவு பண்ணலாம். ஒழுங்கா, வாயால."

அவன் விரலைத் தடவிக்கொண்டே கேட்டான்: "இந்த கேமை நீ எடுத்துட்டுப் போறியா?"

"இங்கேயே இருக்கட்டும். உன் தங்கச்சி வந்தா ஆடு. அழுதா விட்டுக்கொடு."

டிவியை அணைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரங்கள் தேவைக்கு மேலேயே சத்தம் போட்டன.

"டீ வேணுமா, வேணாமா?"

'உன் இஷ்டம்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அவன் அதை விழுங்கினான்.

"வேணும். சர்க்கரை கம்மியா. நீ எப்பவுமே அதிகமாத்தான் போடுறே."

பாத்திரச் சத்தம் நின்றது.

"இதையும் இப்பத்தான் சொல்றியா?" என்று கேட்டது உள்ளேயிருந்து.