திரும்பிய எழுத்து

அக்கா பார்சலின் நூலைக் கத்தரிக்கோலால் அறுத்தாள்.

“கத்திரிய உள்ள விடாத,” என்றான் தம்பி, கட்டிலில் படுத்தபடி.

“அம்பது வருஷமா துணி வெட்டுறேன். நீ சொல்லிக் குடுக்கிறியா?”

தம்பி நாற்பது வருடம் பல் செட் செய்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பிரெஞ்சுக்காரனைக் கட்டிக்கொண்டான் என்பாள் அக்கா. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் செம்புத்தகட்டில் படம் செதுக்கித் தாளில் அச்சிட்ட ஒருவன், பெரிய பெயரில்லை. அவனுடைய படங்களில் நாற்பது தம்பியிடம் இருந்தன. அடியில் செதுக்கிய கையெழுத்து இருந்தால்தான் சேர்ப்பான். இல்லாததைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

போன வருடம் சர்க்கரை கண்ணைக் கொண்டுபோனது. அதிலிருந்து அக்காதான் பூதக்கண்ணாடி பிடித்து, அந்தக் கையெழுத்தை எழுத்துக்கூட்டிச் சொல்வாள். இப்போது சிறுநீரகமும் கைவிட்டு, மருத்துவமனையில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள்.

தாளை வெளியே எடுத்தாள். கழுத்தைச் சுற்றி அடுக்கடுக்காக மடிப்புத் துணி வைத்த ஒரு நடுவயதுப் பெண். மடிப்பு ஒன்றுகூடப் பிசகவில்லை. அக்காவின் கண் கீழே இறங்கியது. படம் முடிந்த இடத்திலேயே தாளும் முடிந்திருந்தது. யாரோ எப்போதோ கீழ் ஓரத்தை நறுக்கியிருந்தார்கள். நடுவில் கத்தரிக்கோல் நின்று மறுபடி ஓடிய இடம்கூட அவளுக்குத் தெரிந்தது.

கையெழுத்து இருக்கிறதா என்று விற்பவருக்கு எழுதிக் கேட்கச் சொல்லி, தம்பி மூன்று முறை சொல்லியிருந்தான். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த வாரம் அது. அவள் கேட்கவில்லை. ‘அனுப்புங்கள்’ என்று எழுதிவிட்டு, தம்பியிடம் “இருக்காம்” என்று சொல்லிவிட்டாள்.

“படி,” என்றான்.

ஒரு வருடமாகப் படம் படமாகக் கூட்டிச் சொன்ன எழுத்துகள். வாய் தானாகவே சொல்லி முடித்தது.

தம்பி கைகளை நீட்டினான். தாளை வைத்தாள். அவன் எப்போதும் ஓரத்தைத்தான் முதலில் தடவுவான். தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். கட்டைவிரல் கீழ் ஓரத்துக்குப் போய் நின்றது. அங்கேயே இருந்தது.

“அவன் பேர்ல வர்ற எஸ் எழுத்து திரும்பியிருக்கா?”

இப்படி அவன் கேட்டதே இல்லை.

“ம். திரும்பித்தான் இருக்கு.”

“அப்படியா.” தாளை அவளிடம் நீட்டினான். “அப்ப தொழில் கத்துக்கிட்ட வயசுல செஞ்சது. தகட்டுல எல்லாத்தையும் இடவலம் மாத்திச் செதுக்கணும். பய மறந்துட்டான். நோட்டுல எழுதிக்கோ. நாப்பத்தொண்ணு.”

எழுதினாள். மருந்துக்கடைக்குப் போய்வந்தாள். பொழுது சாயும்போது அவன் தண்ணீர் கேட்டான். டம்ளரோடு வந்தபோது அது தேவைப்படவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் ஃபிரேம் கடைக்காரர் வந்தார். தம்பிக்கு இருபது வருடப் பழக்கம். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தவர் கடைசித் தாளில் நின்றார். நோட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“அடியில வெட்டியிருக்கேக்கா.”

“தெரியும்.”

“அவருக்கு?”

“இருக்கிற மாதிரி படிச்சுக் காட்டினேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “அன்னைக்கு மத்தியானம் போன் பண்ணினாரு. நீங்க மருந்து வாங்கப் போயிருக்கிறதா சொன்னாரு. எஸ் திரும்பியிருக்குன்னு எங்கக்கா சொல்றாங்கன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு.”

“சிரிச்சானா?”

“ஆமா.”

“எப்படிச் சிரிச்சான்?”

கடைக்காரர் தாளை நாற்பதாவதின் பின்னால் வைத்து, பெட்டியை மூடினார்.

வாசலில் மணி அடித்தது. வாடகைக் கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக ஒருவன் வந்திருந்தான். கூட வரவேண்டியவனுக்குக் காய்ச்சலாம்.

“ஒத்த ஆளா எப்படித் தூக்குவ?” என்றாள் அக்கா.

கடைக்காரர் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். அக்கா நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டாள்.