சிவப்புக் குறி

என் தங்கை கனகத்துக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. காஞ்சிபுரத்தில் கண் டாக்டர் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பார்வை நல்லா இருக்கு, எதுக்கு இட்டுகினு வந்தீங்க?" என்று கேட்டார். ஒரு நாள் லீவு போனதுதான் மிச்சம். ஆனால் அடுப்பில் இருக்கிற பாலைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனால், பால் பொங்கி வழிந்து நெருப்பே அணைந்துவிடும். அவள் பக்கத்துச் சுவரில் உரிந்து தொங்குகிற சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வேணும்னே பண்றா" என்பாள் என் மனைவி செல்லம்மாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கையைக்கூட ஓங்கிவிட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கனகத்தை மணிமங்கலத்தில் பாண்டுரங்கன் என்பவருக்குக் கொடுத்தோம். மகள் காஞ்சனா பிறந்து இரண்டு வருஷம் கனகம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு யாருமில்லாத இடத்தில் பேச ஆரம்பித்தாள், கிணற்றடியில் யாரோ தன்னைத் திட்டுவதாக அழுதாள். எண்பதாம் வருஷம் அவளை வல்லம் வடகாலில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று வயதுக் குழந்தையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நான் அவளைச் சென்னைக்கு அழைத்துப் போய் வைத்தியம் பார்த்தேன். ஒரு வருஷ மாத்திரையில் குரல்கள் நின்றன. இந்தப் பார்வைக் கோளாறு மட்டும் நிற்கவில்லை.

சென்னை டாக்டரிடம் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "நம்ம கண்ணு முன்னாடி நூறு விஷயம் இருக்கும். தொண்ணூத்தொன்பத நம்ம மூளை தானா தள்ளி வெச்சிடும். இவங்க மூளைக்கு அப்பிடித் தள்ள வரல. கொரல் கேக்கறத மாத்திரை நிறுத்திடுச்சு. இத நிறுத்தற மாத்திரை எங்கிட்ட இல்லப்பா."

கனகம் அதை வேறு மாதிரி சொன்னாள். "எல்லாம் ஒண்ணாவே வருதுண்ணா. எது முன்ன, எது பின்னன்னு தெரியல. உன்னப் பாக்கணும்னு பாத்தா சட்டப் பொத்தான்தான் தெரியிது."

அந்த நிலைமையில்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் மணிமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் வருகிறார்களாம், குழந்தையும் வருகிறதாம். கனகம் தேறியிருந்தால் அன்றைக்கே அழைத்துப் போவார்கள். இல்லையென்றால் படப்பைப் பக்கம் வேறு பெண் பார்த்து வைத்திருக்கிறார்களாம். கட்டிக் கொடுத்த பெண்ணை இரண்டாம் தரம் பெண் பார்க்க வருவதை நான் எங்குமே கேள்விப்பட்டதில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் காஞ்சனா அவர்களிடம் இருந்தாள். சரி, வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு பம்பு கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. இரும்பு வார்ப்பில் விரிசல் இருந்தால் அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் தூங்கி வழிகிறவன்கூடச் சிவப்பைத் தப்பவிட மாட்டான். லைனில் ஆயிரம் சாமான் போனாலும் அதுதான் கண்ணில் குத்தும். டாக்டருக்குத் தெரியாத வைத்தியம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு மிதப்பு.

முதலில் வீட்டில் இருந்த காலண்டர், சாமி படம், கொடித்துணி எல்லாவற்றையும் எடுத்தேன். சுவர் முழுக்க வெள்ளை அடித்தேன். மொட்டைச் சுவருக்கு நடுவே கனகத்துக்குக் கொஞ்சம் பிடிபட்டது. முறத்தில் அரிசியைப் போட்டுக் கொடுத்தால் கல் பொறுக்கினாள். அடுத்தது குழந்தை. மூன்று வருஷமாகப் பார்க்காத குழந்தை, கூடவே பத்துத் தலை நிற்கும். அதனால் ஒரு பளிச்சென்ற சிவப்புப் பாவாடை டெய்லரிடம் தைக்கக் கொடுத்தேன். காஞ்சனாவின் பழைய பாவாடை ஒன்று கனகத்தின் பெட்டியில் இருந்தது. அதையே அளவாகக் கொடுத்து, இரண்டு விரற்கடை கூட வைக்கச் சொன்னேன். மாமன் சீர் என்று மணிமங்கலத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.

"உம் பொண்ணு செகப்புப் பாவாட போட்டுகினு வரும். வேற எதையும் பாக்காத. அந்தச் செகப்ப மட்டும் பாரு. நேரா போயி தூக்கிக்கோ."

"செகப்பு" என்பாள் கனகம். காலையிலும் மாலையிலும் பாடம் போலச் சொல்ல வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பாண்டுரங்கன், அவர் அம்மா சுந்தராம்பாள், பாண்டுரங்கனின் அண்ணனும் அண்ணியும், இரண்டு பெண் குழந்தைகள். வாசலுக்குப் போய் அவர்களைப் பார்த்தேன். சிவப்புப் பாவாடை சின்னக் குழந்தையின் இடுப்பில் இருந்தது. பக்கத்தில் நெடுநெடுவென்று, வெளுத்த நீலக் கவுன் போட்டு, ஆறு வயதுப் பெண் நின்றாள். மூன்று வருஷத்தில் ஒரு குழந்தை வளர்ந்துவிடும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. நான் என்ன மனுஷன்?

உள்ளே ஓடிப் போய்ச் சொல்ல நேரமில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி கனகம் நடையில் தயாராக நின்றாள். பழத்தட்டு, பூ, வளையல், பட்டுப்புடவை எதன் மேலும் அவள் கண் போகவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு நேராகப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. ஒரே நடையாகப் போய், மண்டியிட்டு, சின்னக் குழந்தையைக் கட்டிக்கொண்டாள்.

"காஞ்சனா... எங்கண்ணு."

அந்தக் குழந்தை வீறிட்டுத் தன் அம்மாவிடம் தாவியது. சுந்தராம்பாள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது பெரியவன் பொண்ணுடி. உம் பொண்ணு இதோ நிக்கிது. பெத்த புள்ளையே தெரியலயா உனக்கு?"

"அத்தே, அந்தப் பாவாட..." என்றேன்.

"காஞ்சனாவுக்குப் பத்தல. முட்டிக்கு மேல நின்னுச்சு. மாமன் குடுத்த புதுத் துணி சும்மா கெடக்க வேணாம்னு சின்னதுக்குப் போட்டேன். அதுக்கு இன்னா இப்போ?"

"நான்தான் அத்தே அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். செகப்ப மட்டும் பாருன்னு."

பாண்டுரங்கன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லிக் குடுத்தியா? நல்லாயிட்டா, நல்லாயிட்டான்னு நீ லெட்டர் போட்டதெல்லாம் இதுதானா மச்சான்?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கனகத்தின் கண் அலைய ஆரம்பித்தது. பூ, தட்டு, ஒருவர் கால் மெட்டி, இன்னொருவர் சட்டைப் பொத்தான். தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மண்டியிட்டபடியே கையைப் பிசைந்தாள்.

நீலக் கவுன் போட்ட காஞ்சனா மெல்ல அவள் பக்கத்தில் வந்தாள். முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கனகம் திரும்பவில்லை. பிள்ளை இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"யம்மா. நான் இங்க கீறேன்."

கனகம் பார்த்தாள். குழந்தையின் முகத்தை, முழு முகத்தையும் பார்த்தாள்.

"பல்லு வுழுந்துடுச்சா உனக்கு?"

"நேத்து. கூரை மேல போட்டேன்."

அந்தக் கை கன்னத்தில் இருந்தவரைக்கும் என் தங்கையின் கண் அசையவில்லை. நான் வெள்ளை அடித்தேன், சிவப்பைக் கண்டுபிடித்தேன், பாவாடை தைத்தேன். ஒரு நாளாவது அவள் முகத்தைத் தொட்டுத் திருப்ப எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

"அத்தே, பாருங்க, பாக்கறா பாருங்க" என்று கத்தினேன்.

சுந்தராம்பாள் கெட்டவள் இல்லை. கனகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "பாக்கறா பலராமா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கிக் கெணத்தாண்ட ரெண்டு புள்ளைங்க நின்னா எதைத் தூக்குவா? நான் எப்படி நம்பி வுடறது, சொல்லு." அவள் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். "வா கண்ணு, போலாம்."

கன்னத்திலிருந்து பிள்ளையின் கை போயிற்று. கூடவே கனகத்தின் பார்வையும் போயிற்று. தட்டிலிருந்து ஒரு வெற்றிலை தரையில் விழுந்து கிடந்தது. அவள் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"யம்மா! யம்மா!" என்று காஞ்சனா வாசல்படியிலிருந்து கத்தினாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கனகத்துக்குச் சத்தம் கேட்டது. எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

நான் பாய்ந்து போய் அவளைத் தூக்கி நிறுத்தினேன். பிள்ளை பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து, வாசல் பக்கம் திருப்பினேன். அதற்குள் அவர்கள் தெருமுனை தாண்டிவிட்டார்கள்.

"எங்கேண்ணா?" என்றாள் கனகம்.

காலித் தெருவை என் தங்கை கண் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை எடுக்கவில்லை.