மடத்துக்குக் கறுப்பு அங்கி

எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த வினை.

பர்னபாஸ் குளச்சல்காரர், ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். முவைலா தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் ஊர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே உள்ள கிறிஸ்தவக் கோவில் திருவிழாவுக்கு நாடகம் போடுவதில் அவருக்கு ஒரு பைத்தியம். அந்த வருஷம், பல நூறு வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு மலைச்சரிவில் இருந்த கறுப்பு அங்கி அணியும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் சின்ன மடத்தின் வரலாற்றை எடுத்தார். ஜெபம், திராட்சைத் தோட்டம் என்று இருந்தவர்களின் வாசலைப் படைவீரர்கள் வந்து இடிக்கிறார்கள். மடத்தலைவர் வெளியே வந்து, "இவர்களுக்கு நான்தான் பொறுப்பு. என்னைக் கொண்டுபோங்கள், இவர்களை விடுங்கள்" என்கிறார். மடத்தலைவர் வேஷம் பர்னபாஸுக்குத்தான். மனுஷன் வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பார்!

கிரேன் ஓட்டும் பெனோ துணிக்கடை கௌஸ் முகம்மதுவுக்குப் போன் போட்டான். "பாய், மடத்துல உள்ளவங்களுக்குக் கறுப்பு அங்கி வேணும், எட்டு."

கௌஸ் முகம்மது ஊரில் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தவர். மடம் என்றால் அவருக்கு சிஸ்டர்மார் இருக்கும் வீடுதான். பாவம், பார்த்துப் பார்த்து, கை விளிம்பில் மினுமினுக்கும் கல் வைத்த, இங்கே பெண்கள் அணியும் எட்டு அபாயாக்களை அனுப்பிவிட்டார்.

பார்சல் வந்தபோது கிளம்பும் நேரம் தாண்டியிருந்தது.

"அண்ணே, இது பொம்பளைங்க போடுறதுல்லா?" என்றான் பெனோ.

"மேடையில எவனுக்குத் தெரியப்போவுது? போடுலே," என்றார் பர்னபாஸ்.

அறையிலேயே மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். எட்டு அபாயா, எட்டு மீசை. உடனே போனை எடுத்தார். அடுத்த ரவுண்டானாவில் போலீஸ் வேனை நிறுத்தியது.

அதிகாரி எல்லோருடைய லேபர் கார்டையும் வாங்கிக்கொண்டார். பெண் உடையில் பிடிபட்ட ஆணை விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது கேம்ப்பில் எப்போதும் உள்ள பேச்சு. பர்னபாஸ் நாளை எண்ணிப் பார்த்தார். அடுத்த வாரம் ஊரிலிருந்து ஷாஜினி வருகிறாள். கல்யாணமான நாளிலிருந்து லீவில் மட்டும் பார்த்துக்கொண்ட பெண்டாட்டி. ஃபிளாட் பிடித்து, மெத்தை வாங்கி, அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்.

"ஜிம்மேதார் கோன் ஹை?" என்றார் அதிகாரி. யார் பொறுப்பு?

ஒத்திகையில் தினமும் அந்த வசனத்தை முழங்கிய பர்னபாஸ் இப்போது குனிந்து அங்கியின் கல்லைத் திருகினார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பின் சீட்டில் பெனோ, முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பத் தொடங்கினான்.

"மே ஹூ சாப்," நான்தான் என்று சொல்லி பர்னபாஸ் கீழே இறங்கினார். "இவங்களை விட்ருங்க."

அதிகாரி மற்றவர்களை அங்கியைக் கழற்றச் சொல்லி, கார்டுகளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பர்னபாஸை மட்டும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். இது நாடக வேஷம் என்று பர்னபாஸ் விளக்கினார்.

"நாடகமா? என்ன கதை? சொல்லு."

சைட்டில் கற்ற ஹிந்தியில் பர்னபாஸ் மடத்தின் கதையைச் சொன்னார். கையை ஆட்ட ஆட்டக் கல்லெல்லாம் மின்னியது. அதிகாரி சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவரைக் கொண்டுபோனார்களே, திரும்பி வந்தாரா?"

பர்னபாஸ் படித்த வரலாற்றில் மடத்தலைவரை அன்று சாயங்காலமே தூக்கில் போட்டுவிட்டார்கள். அவர் மேசையில் கிடந்த தன் கார்டைப் பார்த்தார்.

"வந்தாரு சாப்," என்றார். "அவருக்காக வீட்ல ஆள் காத்துக்கிட்டு இருந்துச்சு."

மடத்தலைவருக்கு ஏது வீடு? அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கார்டை அவர் பக்கம் தள்ளிவிட்டார். "கலாஸ், முடிந்தது. அதைக் கழற்றிவிட்டுப் போ."

மாதம் தவறாமல் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் பர்னபாஸ். அந்தப் பொய்யை மட்டும் இன்றுவரை எந்தச் சாமியாரிடமும் அவர் சொன்னதில்லை.