பதினொரு வயர்கள்

காலை ஏழரைக்கு நான் வேலை பார்க்கும் கூடத்துக்குள் நுழைந்தபோது அண்ணன் எனக்கு முன்பே வந்து, மேசைமேல் ஒரு சாக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். நல்ல மார்க் வாங்கியதை வீட்டில் சொல்லக் காத்திருப்பவனின் முகம். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டாராம். உயரத்து ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் சரிவாக இறங்கி, அடுக்கிவைத்த பழைய டிவிப் பெட்டிகளின் சாம்பல்நிறக் கண்ணாடிகளில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த வேளையில் இந்தக் கூடம் எனக்கு எப்போதும் பெரிய தூக்க அறை போலத்தான் தோன்றும். நடந்தால் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு குட்டி உருவம், வளைந்து நெளிந்து, சத்தமில்லாமல் கூடவே வரும்.

"பாப்பா, நீ வர்றதுக்குள்ள பாதி வேலைய முடிச்சிட்டேன்," என்றான். எனக்கு நாற்பது வயதாகிறது. அவனுக்கு நான் பாப்பாதான்.

சாக்கின் வாயை விரித்துக் காட்டினான். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக வயர்கள் சுருண்டு கிடந்தன.

"எல்லாத்தையும் கழுத்தோட வெட்டியிருக்கேன். அரை விரக்கடைகூட வீணாகல."

நான் மெல்லத் திரும்பிச் சுவரோர அலமாரியைப் பார்த்தேன். எங்களிடம் வந்து சேரும் பழைய சாமான்களில் பழுதானவற்றைப் பிரித்துவிடுவோம். பேட்டரிகளை மணல் வாளியில் தனியாக வைப்போம். டிவிக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது என்பதால் உடையாமல் கட்டி அனுப்புவோம். இன்னும் ஓடுகிறவற்றைப் பிரிக்க மாட்டோம். துடைத்து, சோதித்து, தேவைப்பட்டவர் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டி அந்த அலமாரியில் வைப்போம். நேற்று மாலை அதில் பதினொரு சாமான்கள் இருந்தன. தையல்காரருக்கு மேசை விளக்கு. இரவுப் பணி பார்க்கும் நர்ஸுக்குச் சின்ன மின்விசிறி. சலவைக்காரருக்கு இஸ்திரிப்பெட்டி. நாளைக் காலை எல்லோரையும் வரச் சொல்லியிருந்தோம். இப்போது பதினொன்றும் வாலில்லாமல் உட்கார்ந்திருந்தன.

"அண்ணே, இதெல்லாம் வேலை செய்யிற சாமான்."

"வேலை செய்யுதா? அப்புறம் எதுக்கு இங்க வந்துச்சு?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதையேதான் கேட்டேன்.

அண்ணனை எங்கள் தெருவில் செம்பு என்றால்தான் தெரியும். தூக்கிப்போட்ட வயர்களைச் சேர்த்து, வீட்டுக்குப் பின்னால் தீ மூட்டி, மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை எரித்துச் செம்புக்கம்பி எடுப்பது அவன் தொழில். அந்தக் கரும்புகையில்தான் அவன் மகளுக்கு இழுப்பு வந்தது. ஆறு வயது. அவள் நெஞ்சு விசிலடிப்பதை எத்தனையோ இரவு கேட்டுக் கேட்டு, ஒருநாள் அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. 'புகை நிக்கட்டும், வர்றோம்' என்று மட்டும் சொன்னாள். நாலு மாதமாகிறது. இங்கே டிவி பிரிக்கும் மேசைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மேற்பார்வையாளரை விடாமல் நச்சரித்து, 'சரி, ஒருநாள் வரச் சொல்லு, பார்க்கலாம்' என்ற வார்த்தையை வாங்கியிருந்தேன். இன்றுதான் அந்த ஒருநாள். அது தொடங்கி இன்னும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு நாள் முழுக்கத் தேடுகிறவர். அலமாரியைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். கடவுளே மன்னிக்கட்டும், எனக்குப் பொய்தான் முதலில் வந்தது.

"சார், நான்தான் தெரியாம..."

"அவ இல்ல சார்," என்றான் அண்ணன். "நான்தான் வெட்டினேன். வயரப் பார்த்தா கை தானா போயிடுது. இருவது வருஷப் பழக்கம்."

அவர் அலமாரியிலிருந்த ஒரு சீட்டைத் தடவிப் பார்த்தார். "நாளைக்கு ஆளுங்க வந்து நிப்பாங்களே. என்னன்னு சொல்லட்டும்?"

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மாட்டிக் குடுத்துடறேன். அப்புறமும் நீங்க போன்னு சொன்னா போயிடறேன்."

"வெளியில முறுக்கி டேப் ஒட்டுற வேலையெல்லாம் கூடாது. யார் கையிலயாவது ஷாக் அடிச்சா பாவம் நம்ம தலையிலதான். உள்ள பிரிச்சு, முனையில சரியா மாட்டணும். பாப்பா ஒவ்வொண்ணா சோதிக்கட்டும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பதற்றத்திலும் அவர் என்னைப் பாப்பா என்றது எனக்குச் சிரிப்பு மூட்டியது.

அண்ணன் சாக்கைத் தரையில் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வயரையும் இரண்டு விரல்களுக்கு நடுவில் உருட்டினான். எதற்கு எந்த வயர் என்று நான் சாமான்களைப் பார்த்துத் தேடுவதற்குள் அவன் சொல்லிவிடுவான். "இது இஸ்திரிப்பெட்டி, துணி சுத்தின வயரு. இது விளக்கு, எவ்வளவு மெலிசு பாரு. இது ஃபேனு, தினம் வளைஞ்சு வளைஞ்சு இந்த இடத்துல தளர்ந்திருக்கு." தளர்ந்த துண்டை நறுக்கிவிட்டு, மிச்சத்தைத் திருகாணியின் அடியில் மாட்டினான். எத்தனையோ ஆயிரம் வயர்களை நெருப்பில் போடுவதற்கு முன்பு இப்படித்தான் உருட்டிப் பார்த்திருப்பான். அது எந்த வீட்டில் எதை ஓடவைத்தது என்று ஒருநாளும் அவன் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறான் என்பது, மாட்டும்போதெல்லாம் சீட்டில் இருந்த பெயரை வாய்க்குள் படித்துக்கொண்டதில் தெரிந்தது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் நகர்ந்து, கண்ணாடிகளில் எங்கள் குட்டி உருவங்கள் இரண்டும் குனிந்தபடியே நீண்டன. மணி என்ன என்றே தெரியவில்லை. தண்ணீருக்கடியில் உட்கார்ந்து வேலை செய்வது போலிருந்தது.

"நேத்து மக போன்ல பேசினா," என்றான், தலை நிமிராமல். "'அப்பா, இங்க எனக்கு மூச்சு நல்லா வருதுப்பா'ன்னா."

"நல்ல விஷயம்தானே."

"நல்ல விஷயம்தான். ஆனா அதக் கேட்டு நான் சந்தோஷப்படணுமா, அழணுமா பாப்பா? ஒண்ணும் புரியல. சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சிட்டேன்."

நான் டார்ச்சை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனேன்.

மதியத்துக்கு மேல் மேற்பார்வையாளர் வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ரேடியோவின் முதுகுத் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.

"விடுங்க சார், நாங்க பார்த்துக்கறோம்," என்றேன்.

"கண்ணாடியத் தேடி வந்தேன். அப்படியே உக்காந்துட்டேன்."

"கண்ணாடி தலையில இருக்கு சார்," என்றான் அண்ணன்.

"தெரியும்," என்றார் அவர்.

விசிறி ஓடியது. இஸ்திரிப்பெட்டி சூடாகியது. ரேடியோ இருமியது, பிறகு அதில் யாரோ எங்கேயோ வானிலை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றும் உயிர் பெறும்போது அண்ணன் சாமானைப் பார்க்காமல் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பத்து முடிந்தபோது ஜன்னல்களில் சாயங்காலம் வந்திருந்தது.

பதினொன்றாவது ஒரு சின்ன விளக்கு. குழந்தைகள் படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பது. உருளையான தகட்டில் மீன் மீனாக ஓட்டை போட்டிருந்தது. அண்ணன் மாட்டினான், நான் சோதித்தேன், மேற்பார்வையாளர் சுவிட்சைப் போட்டார். தகடு மெல்லச் சுற்றத் தொடங்கியது. அப்புறம் அவர் எழுந்துபோய், கூடத்தின் பெரிய விளக்கை அணைத்தார்.

சுவரெல்லாம் மீன்கள். கூரையில் மீன்கள். அடுக்கியிருந்த டிவிக் கண்ணாடிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்ன வெளிச்ச மீன்கள் வரிசையாக நுழைந்து, அடுத்த கண்ணாடிக்குப் போய்க்கொண்டிருந்தன. எத்தனை துவைத்தும் புகைவாடை போகாத அண்ணனின் சட்டையிலும் அவை ஏறி, மார்பைக் கடந்து, தோள்வழியே இறங்கின. அவன் விளக்கின் சீட்டைத் திருப்பிப் படித்தான். யாரோ ஓர் அம்மாவின் பெயர். மறுபடி ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டான்.

"நாளைக்கு இது போயிடும்ல?"

"போயிடும்ணே."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தான். மகளை வீடியோவில் அழைத்து, தன் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், சுவரைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தான். மேற்பார்வையாளர் இருட்டில் நின்றபடியே நின்றார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மீன்கள் இன்னொரு சுற்று வந்தன. அண்ணன் கை அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.